பேஸ் கிட்டாரின் ஒலியளவு அமைப்பு

பேஸ் கிட்டாரின் ஒலியளவு பொதுவாக மூன்று இடங்களில் கட்டுப்படுத்தப்படுகிறது: கருவியின் குமிழ், ஆம்ப்ளிஃபயரின் கெயின், அதன் மாஸ்டர். கருவியின் குமிழை முழுவதும் திறந்து, பலமாக மீட்டும்போது மட்டும் எச்சரிக்கை விளக்கு மினுக்கும் அளவுக்குக் கெயினை உயர்த்துவது வழக்கம். அரங்கிற்கு ஏற்ற ஒலியளவு அதன்பின் மாஸ்டரால் அமைக்கப்படும். கெயின் மிகுந்தால் அலைமுகடுகள் வெட்டப்பட்டு ஒலி சிதையும். சிலர் இதை விரும்பியே செய்வதுண்டு.

கருவியின் குமிழ் ஒலியளவை மட்டும் மாற்றுவதில்லை. மின்கலம் இல்லாத கருவிகளில் அதைக் குறைக்கும்போது, இணைப்புக் கம்பியின் மின்தேக்குத்திறனால் உயர் அதிர்வெண்களும் மங்குகின்றன.

1960 இல் அறிமுகமான ஃபெண்டர் ஜாஸ் பேஸில் பிக்கப் எனப்படும் இரண்டு ஒலி உணரிகளுக்கும் தனித்தனி ஒலியளவுக் குமிழ்கள் உள்ளன. இரண்டையும் முழுவதும் திறந்தால் நடு அதிர்வெண்களில் ஒரு பகுதி ஒன்றையொன்று நீக்கிக்கொள்ளும். ஒன்றைச் சற்றே குறைத்தால் அப்பகுதி மீளும்; ஆயினும் உணரிகள் எதிரெதிராகச் சுற்றப்பட்டிருந்தால், அதுவரை அடங்கியிருந்த மின் இரைச்சலும் கேட்கத் தொடங்கும்.