நாடே கையில் இல்லை, பட்டத்தை மட்டும் விற்றார்: ஜெருசலேமுக்கு உரிமை கோரிய மரியாவின் கதை

பட்டா ஒருத்தர் பேரில், அனுபவிப்பது இன்னொருத்தர். நம்ம ஊரில் தெருவுக்கு ஒரு கேஸ் இப்படி இருக்கும். 13-ம் நூற்றாண்டில் ஒரு ராஜ்ஜியத்துக்கே இந்தச் சிக்கல் வந்தது. வழக்காடியவர் மரியா. அந்தியோக்கியா இளவரசர் நான்காம் போஹிமண்டின் மகள்.

அப்போது ‘ஜெருசலேம் ராஜ்ஜியம்’ என்பதே ஏறக்குறைய பெயர்தான். ஜெருசலேம் நகரம் 1244-லேயே சிலுவைப் போராளிகளின் கையைவிட்டுப் போயிருந்தது. ஆக்கர், டைர் போன்ற கடற்கரை ஊர்கள்தான் மிச்சம். அரசராக இருந்த கொன்ராடின், அந்த மண்ணில் கால்கூட வைக்காத ஜெர்மன் சிறுவன். 1268 அக்டோபரில், நேப்பிள்ஸில் அவரது தலை துண்டிக்கப்பட்டது. வயது 16. தண்டனை கொடுத்தவர் சிசிலியின் அரசர், ஆஞ்சூ சார்லஸ். இந்தப் பெயரை ஞாபகம் வெச்சுக்கோங்க.

கொன்ராடினுக்குப் பிள்ளைகள் இல்லை. அடுத்து யார்?

இங்கேதான் குடும்பச் சண்டை. மரியாவின் அம்மா மெலிசெண்ட், ஜெருசலேம் ராணி முதலாம் இசபெல்லாவின் கடைசி மகள். அதாவது, மரியா ராணிக்கு நேரடிப் பேத்தி. எதிர்த்து நின்றவர் சைப்ரஸ் அரசர் மூன்றாம் ஹியூ. அவர் இசபெல்லாவின் கொள்ளுப்பேரன், ஆனால் மெலிசெண்டின் அக்கா வழி. இன்னொரு கூத்து: ஹியூவின் அப்பா ஹென்றி, மரியாவுக்கு வேறு தாய் வயிற்று அண்ணன். ஆக, அத்தைக்கும் மருமகனுக்கும் நடந்த சொத்து வழக்கு இது!

‘ஒரு தலைமுறை நான்தான் நெருக்கம்’ என்பது மரியாவின் வாதம். சட்டப்படி அது லேசான வாதம் இல்லை. ஆனால், ஆக்கரில் கூடிய பிரபுக்களின் மன்றம் ஹியூவைத் தேர்ந்தெடுத்தது. காரணம் புரியாமல் இல்லை. அதே 1268-ல், மரியாவின் பிறந்த வீடான அந்தியோக்கியாவையே எகிப்து சுல்தான் பைபர்ஸ் கைப்பற்றியிருந்தார். பிரபுக்களுக்குத் தேவை, படையும் கப்பலும் உள்ள ஓர் அரசர். மரியாவோ கல்யாணம் ஆகாத, நடுத்தர வயதுப் பெண். சண்டைக்கு வர ஒரு கணவர்கூட இல்லை என்பதே அன்றைய கணக்கு.

1269 செப்டம்பரில் டைரில் ஹியூவுக்கு முடிசூட்டு விழா. மரியாவின் ஆட்கள் அங்கேயே எதிர்ப்பைப் பதிவு செய்தார்கள். பலன் இல்லை. மரியா சும்மா இருக்கவில்லை, கப்பல் ஏறி இத்தாலிக்குப் போய், போப்பின் அவையில் முறையிட்டார். உள்ளூர் கோர்ட்டில் தோற்றால் மேல்முறையீடு, அவ்வளவுதான். வழக்கு வருடக்கணக்கில் இழுத்தது.

ஒரு கட்டத்தில் வேறு வழி திறந்தது: உரிமையை விற்றுவிடுவது. போப் பத்தாம் கிரிகோரி இந்த யோசனைக்கு ஆதரவாக இருந்தார். 1277 மார்ச்சில் ஒப்பந்தம் கையெழுத்தானது. ரொக்கமாக 1,000 தங்க பெசாண்ட் நாணயங்கள், அதோடு வருடத்துக்கு 4,000 லிவர் உதவித்தொகை.

வாங்கியவர் யார் தெரியுமா? அதே ஆஞ்சூ சார்லஸ். அரசரின் தலையை வெட்டி இடத்தைக் காலியாக்கியவரே, அந்த இடத்துக்கான உரிமையையும் விலைக்கு வாங்கினார். மரியாவுக்கு இது உறுத்தியதா என்று எந்தப் பத்திரமும் சொல்லாது. ஆனால், நாடும் படையும் இல்லாத ஒரு பெண், கையில் இருந்த ஒரே சொத்தை ஆயுள் வருமானமாக மாற்றிக்கொண்டார் என்பது என் வாசிப்பு. மோசமான டீல் என்று சொல்ல முடியவில்லை.

சார்லஸ் தாமதிக்கவில்லை. அதே ஆண்டு அவரது பிரதிநிதி ரோஜர் ஆக்கருக்குள் நுழைந்தார். பிரபுக்களோடு முட்டிக்கொண்டு ஹியூ ஏற்கெனவே சைப்ரஸுக்குப் போய்விட்டிருந்ததால், பெரிய எதிர்ப்பும் இல்லை. ஆனால் 1282-ல் சிசிலி மக்கள் கிளர்ந்தெழ, சார்லஸின் கவனமும் பணமும் அங்கே கரைந்தன. 1285-ல் அவர் இறந்தார். 1291-ல் ஆக்கரும் விழுந்தது. ராஜ்ஜியம் முடிந்தது.

மரியா அதற்குப் பிறகும் 15 ஆண்டுகளுக்கு மேல் உயிரோடு இருந்தார். அவர் விற்ற பட்டத்தை நேப்பிள்ஸ் அரசர்கள் தலைமுறை தலைமுறையாகப் போட்டுக்கொண்டார்கள். ஸ்பெயின் மன்னரின் மரபுப் பட்டங்களில் ‘ஜெருசலேம் அரசர்’ என்பது இன்றும் இருக்கிறது.