மகரத்தின் வாய்க்குள் மண் பூசுகிறவர்

மகரத்தின் மேல்வாயில், இரண்டு பற்களுக்கு நடுவே மிளகு அளவுக்கு ஒரு மரு. அச்சை உடைத்து, வார்ப்பைக் கழுவியதும் சித்தப்பாவின் கண் நேராக அங்கேதான் போனது.

"என் தப்புதான் பாப்பா. உள்ள காத்து நின்னுடுச்சு" என்றார்.

மெழுகு உருவைச் செய்தவர் பக்கத்தில்தான் நின்றார். அவர் ஒன்றும் சொல்லவில்லை. உளியால் ஒரு தட்டுத் தட்டினால் போய்விடுகிற மருதான் அது. போயும் விட்டது. தப்பு யாருடையது என்று யாரும் கேட்காமலே ஒப்புக்கொண்டார் சித்தப்பா. அந்த மகரம் மருவில்லாமல் வந்திருந்தால் தன் வேலை என்று சொல்லிக்கொள்ள மட்டும் அவருக்கு அங்கே வழி கிடையாது.

கும்பகோணத்தை ஒட்டிய சுவாமிமலைக்கு, வண்டல் மூட்டை சுமக்கும் கூலியாகப் பதினாறு வயதில் போனவர் சித்தப்பா. இப்போது ஐம்பத்தெட்டு. எங்கள் சேரித் தெருவிலிருந்து அப்படிப் போனவர்களில் இன்னும் அந்த வேலையில் இருப்பவர் அவர் ஒருவர்தான். சாமி சிலைகளைவிடத் திருவாசி வேலைதான் அவருக்குப் பிடிக்கும். நடராஜரைப் பார்க்கிறவர்கள் அவரைச் சுற்றி நிற்கும் திருவாசியை அவ்வளவாகக் கவனிப்பதில்லை. பெரும்பாலும் அதன் இரண்டு அடிகளிலும் வாய் பிளந்த மகரங்கள் இருக்கும். பல திருவாசிகளின் உச்சியில் ஒரு சிம்ம முகம். முதலையின் தாடை, யானையின் துதிக்கை, மீனின் உடம்பு, கொடிக் கருக்காகச் சுருண்டு மேலேறும் வால். எந்த ஆற்றிலும் இல்லாத பிராணி. யாளியும் அப்படித்தான். சங்கப் பாட்டில் யானையைக் கொல்லும் 'ஆளி'யாக வருகிறது. மாமல்லபுரத்தை அடுத்த சாளுவன்குப்பத்துப் புலிக்குகை வாயிலைச் சுற்றிப் பதினோரு யாளித் தலைகள் நிற்கின்றன. மகரம் கோயிலுக்கு மட்டும் சொந்தமானதும் அல்ல. சாஞ்சியிலும் அமராவதியிலும் பௌத்தத் தூபிகளில் அது இருக்கிறது. இதைச் சொன்னபோது சித்தப்பா, "அங்கயும் மண்ணு பூசுனவன் ஒருத்தன் இருந்திருப்பான்ல?" என்று கேட்டார். சாஞ்சியில் இருப்பது கல் வேலை என்று திருத்த எனக்கு மனம் வரவில்லை.

வேலை இப்படி நடக்கிறது. தேன்மெழுகோடு குங்கிலியப் பொடியும் கடலை எண்ணெயும் சேர்த்துக் காய்ச்சி, அதில் உருவைச் செய்வார்கள். இப்போது பாரபின் மெழுகும் சேர்கிறது. உரு முடிந்ததும் சித்தப்பாவிடம் வரும். காவிரி வண்டலைச் சலித்து, கருக்கிய உமியோடு அரைத்து, சாணி சேர்த்துக் குழம்பாகக் கரைத்து வைத்திருப்பார். அதுதான் முதல் பூச்சு. மெழுகில் உள்ள ஒவ்வொரு கோட்டையும் அந்தப் பூச்சுதான் பிடித்து வைத்துக்கொள்ள வேண்டும். துணி மடிப்பில் பூசுவது எளிது. மகரத்தின் வாய் அப்படியல்ல. பல்லுக்குப் பின்னால் நாக்கு, நாக்குக்கு அடியில் இருட்டு. தூரிகை போகாத இடத்துக்கு விரல் போக வேண்டும். அழுத்தினால் மெழுகுப் பல் ஒடியும். அங்கே ஒரு காற்றுக் குமிழி நின்றுவிட்டால், நாளைக்கு அந்த ஓட்டையில் உலோகம் புகுந்து மருவாகும்.

நிழலில் காய்ந்த பிறகு களியும் மணலும் கலந்து அடுத்த பூச்சு. அதற்கு மேல் இன்னும் பருமனான மண். பெரிய வேலையென்றால் இரும்புக் கம்பியால் கட்டு. உலோகம் உள்ளே போகவும், காற்று வெளியே வரவும் முன்கூட்டியே வழி விட வேண்டும். பிறகு வறட்டி அடுக்கிச் சூடேற்றினால் மெழுகு உருகி ஓடிவிடும். செய்தவரின் உரு அந்த நிமிடத்தோடு போயிற்று. மகரம் என்று ஒன்று அப்போது இருந்தால், அது சித்தப்பாவின் மண்ணுக்குள் வெற்றிடமாக மட்டுமே இருக்கிறது. மெழுகின் எடையைப் போல எட்டிலிருந்து பத்து மடங்கு உலோகத்தை உருக்கி, தாரை அறுபடாமல் அதற்குள் ஊற்றுவார்கள். மண்ணில் ஈரம் தங்கியிருந்தால் நீராவி உலோகத்தைத் திருப்பி அடிக்கும். சித்தப்பாவின் இடது முன்கையில் உள்ள தழும்பு அப்படி ஒரு நாளில் வந்தது. அன்றைய பட்டறையில் இரண்டு நாள் கூலியும் ஒரு களிம்பும் கொடுத்தார்கள்.

ஆறிய பிறகு அச்சை உடைப்பார்கள். ஒரு அச்சு, ஒரு சிலை. மெழுகும் மிஞ்சாது, மண்ணும் மிஞ்சாது.

மெழுகைத் தொடாதே என்று சித்தப்பாவிடம் யாரும் வாய்விட்டுச் சொன்னதில்லை. இருபத்தைந்து வயதில் கீழே கிடந்த மெழுகுத் துண்டை எடுத்து ஒரு யாளித் தலை பிடித்துக் காட்டியிருக்கிறார். "நல்லாத்தான் இருக்கு, உனக்கு எதுக்கு இது?" என்று சொல்லி அதைக் காய்ச்சும் சட்டியில் போட்டுவிட்டார்கள். அவ்வளவுதான். எல்லாப் பட்டறையும் ஒன்றல்ல. வேறு சாதிப் பிள்ளைகளை உட்காரவைத்து மெழுகு வேலை சொல்லிக்கொடுத்த ஸ்தபதிகளும் அங்கே உண்டு. சித்தப்பாவுக்கு அப்படி ஒருவர் வாய்க்கவில்லை. சுவாமிமலைச் சிலைக்குப் புவிசார் குறியீடு கிடைத்தபோது காவிரி வண்டலின் பெருமையை எல்லோரும் பேசினார்கள். அள்ளிக் கொண்டுவந்து அரைத்தவர் பேச்சில் இல்லை.

2023 செப்டம்பரில் ஒன்றிய அரசு விஸ்வகர்மா திட்டத்தைத் தொடங்கியது. 18 தொழில்கள், சிற்பமும் அதில் உண்டு. ஆனால் குடும்ப வழியாக வரும் மரபுத் தொழிலாக இருக்க வேண்டும். சித்தப்பாவின் அப்பா பண்ணையில் ஆள். மண்வெட்டிதான் எங்கள் குடும்ப வழி. அந்த நிபந்தனையை நீக்கச் சொல்லி, நீக்காததால் தமிழ்நாடு அரசு கலைஞர் கைவினைத் திட்டத்தைக் கொண்டுவந்தது. 25 தொழில்கள், 3 லட்சம் வரை கடன், 25 விழுக்காடு மானியம், 50,000 ரூபாய் உச்சவரம்பு. வயது 35 ஆகியிருக்க வேண்டும்; அப்பா என்ன செய்தார் என்ற கேள்வி இல்லை.

இதை வரவேற்று இதே பக்கத்தில் எழுதியவள்தான் நான். ஆனாலும் விண்ணப்பத்தைப் பூர்த்தி செய்ய உட்கார்ந்த அன்று இருவரும் திணறினோம். தொழில் என்ற இடத்தில் என்ன எழுதுவது? "மண்ணு பூசுற ஆளுன்னு போடு" என்றார். அனுபவச் சான்றுக்குப் பட்டறையில் கேட்டபோது 'உதவியாளர்' என்று எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். நாற்பது வருடத்துக்கு மேல் மகரத்துக்கு வாய் கொடுத்தவர் உதவியாளராம். சிலை வார்ப்பு என்பது மெழுகு வேலை, மண் வேலை, உலோக வேலை, உளி வேலை எல்லாம் சேர்ந்தது. கடைசியில் பெயர் போடுகிறவருக்கு மட்டும் அட்டை என்றால், குடும்ப நிபந்தனையை முன்வாசலில் எடுத்துவிட்டுப் பின்வாசலில் வைத்ததாக ஆகும். மண் கட்டுவதை, வார்ப்பதைத் தனித் திறன்களாகப் பதிவு செய்ய மாவட்டத் தொழில் மையத்துக்கு அதிகச் செலவு பிடிக்காது. விண்ணப்பத்தில் நான் 'அச்சுக் கலைஞர்' என்று எழுதினேன். சித்தப்பா அதை இரண்டு தடவை வாசிக்கச் சொன்னார்.

அவருடைய மகள் வயிற்றுப் பேத்தி மாமல்லபுரம் அரசு சிற்பக் கல்லூரியில் படிக்கிறாள். 1957இல் தொடங்கிய கல்லூரி. அரசுக் கல்லூரி என்பதால் இட ஒதுக்கீடு உண்டு. போன விடுமுறைக்கு வந்தபோது, ஈரத் துணியில் சுற்றிய மெழுகு யாளி ஒன்றைப் பேருந்தில் மடியிலேயே வைத்துக் கொண்டுவந்தாள். முக்கால் அடி இருக்கும். துதிக்கை கொஞ்சம் கனத்துவிட்டது என்று அவளே குறை சொல்லிக்கொண்டாள்.

சித்தப்பா திண்ணையில் உட்கார்ந்து அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பாராட்டவில்லை. "நாக்கைப் பல்லோட ஒட்டிட்டியே, மண்ணு எப்படிப் போவும்?" என்று கேட்டார். அவள் சூடு காட்டிய கத்தியால் நாக்கைக் கொஞ்சம் கீழே இறக்கினாள். அவர் வண்டல் குழம்பில் விரலைத் தொட்டுக்கொண்டார்.

நான் ஊரிலிருந்து கிளம்பிய அன்று அது நிழலில் இரண்டாம் பூச்சுக் காய்ந்துகொண்டிருந்தது. அடுத்த வாரம் வார்ப்பு.