ஓவியம் வரவில்லை, எழுத்து வந்தது!

"கொட்டை எழுத்தில் போடுங்கள்" என்று அச்சகத்தில் சொல்கிறோம் அல்லவா? ஆங்கிலத்தில் புகழ்பெற்ற கொட்டை எழுத்து ஒன்று உண்டு. அதன் பெயர் "கூப்பர் பிளாக்".

அதை உருவாக்கியவர் அமெரிக்காவைச் சேர்ந்த ஆஸ்வால்டு கூப்பர். 1879-ல் ஒகையோ மாநிலத்தில் பிறந்தவர். கான்சாஸ் மாநிலத்தில் ஒரு சிற்றூரில் வளர்ந்தவர். 17 வயதில் பள்ளிப் படிப்பை விட்டுவிட்டு, அச்சகத்தில் எடுபிடி வேலைக்குச் சேர்ந்தார்.

ஓவியர் ஆகவேண்டும் என்பது அவருடைய ஆசை. தபால் மூலம் படம் வரையப் படித்தார். பிறகு ஊரை விட்டு சிகாகோ நகருக்கே போனார்.

போன இடத்தில் ஏமாற்றம்! தனக்கு ஓவியம் வராது என்பது அவருக்கே தெரிந்துவிட்டது. ஆனால் ஊர் திரும்பவில்லை. அதே பள்ளியில் பிரடெரிக் கௌடி என்பவர் எழுத்துக்கலை கற்றுக் கொடுத்தார். அந்த வகுப்பில் போய் உட்கார்ந்தார், கூப்பர். அதுவே அவருக்கு வாழ்க்கை ஆயிற்று.

உருண்டை உடம்பு

1922-ல் சிகாகோ எழுத்து வார்ப்படக் கம்பெனி ஒன்று கூப்பர் பிளாக்கை வெளியிட்டது.

ஆங்கில எழுத்துகள் பலவற்றில், கோடு முடியும் இடத்தில் சிறு பாதம் போல ஒரு நீட்டல் இருக்கும். அதற்கு "செரீப்" என்று பெயர். சாதாரணமாக அது கூராக இருக்கும். கூப்பர் அதை உருட்டிவிட்டார். எழுத்து முழுவதும் தடித்து, மூலைகள் மழுங்கி, பிசைந்து வைத்த மாவு போல இருக்கும்.

பழமையில் ஊறிய அச்சுக்காரர்கள் இதை "கருப்பு ஆபத்து" என்று ஏசினார்கள். விளம்பரக்காரர்களோ விரும்பி வாங்கினார்கள். காரணம், தூரத்தில் இருந்தாலும் கண்ணில் படும். தடிமனாக இருந்தாலும் மிரட்டாது, சிரித்த முகம்!

1966-ல் "பீச் பாய்ஸ்" என்ற அமெரிக்கப் பாடகர் குழுவின் "பெட் சவுண்ட்ஸ்" இசைத்தட்டு உறையில் இந்த எழுத்து இடம்பெற்றது. 1995-ல் தொடங்கிய "ஈசிஜெட்" என்ற இங்கிலாந்து விமானக் கம்பெனியும் தன் பெயரை இதில்தான் எழுதியது.

எங்கே கூடாது?

பெயர்ப்பலகை, சுவரொட்டி, தலைப்பு ஆகியவற்றுக்கு இது ஏற்றது. இரண்டு மூன்று சொற்களோடு நிறுத்திக்கொள்ள வேண்டும்.

முகவரி, விலைப்பட்டியல், விண்ணப்பம் ஆகியவற்றுக்கு ஆகாது. எழுத்துக்கு உள்ளே இருக்கும் வெள்ளை இடம் மிகச் சிறியது. பொடியாக அச்சடித்தால் அதில் மை அடைத்துக்கொள்ளும். "இ", "ஏ" என்ற ஆங்கில எழுத்துகள் வெறும் கரும்புள்ளி ஆகிவிடும். ஆகவே, கடைப் பெயரை இதில் போட்டாலும், முகவரியை மெல்லிய எழுத்தில் போடச் சொல்லுங்கள்.

கூப்பர் 1940-ல் காலமானார். ஆபீஸ் கம்ப்யூட்டரில் எழுத்துப் பட்டியலைத் திறந்து பாருங்கள். பல கம்ப்யூட்டர்களில் "கூப்பர் பிளாக்" இருக்கும். படம் வரைய வராதவரின் பெயர் அது!