ஸ்பிரிங்கின் மேல் ஒரு குழாய்த் துண்டு

திருப்போரூரில் பழைய மகாபலிபுரம் சாலையை ஒட்டி மோட்டார் சைக்கிள் பழுது பார்க்கும் பட்டறை ஏதாவது ஒன்றின் வாசலில் அரை மணி நேரம் நின்று பாருங்கள். "அண்ணே, பிரேக் பிடிச்சா வண்டி முன்னால குனியுது. வேகத்தடையில இறங்கினா டங்குன்னு இடிக்குது" என்று யாராவது ஒருவர் வந்து சொல்வார். மெக்கானிக் கைப்பிடியைப் பிடித்து நாலு முறை அமுக்கிப் பார்ப்பார். பிறகு, "ஸ்பிரிங் உட்கார்ந்துடுச்சுங்க. புதுசு போடலாம். இல்லேன்னா மேல ஒரு பைப் துண்டு வெச்சுத் தரேன்" என்பார்.

அந்தத் துண்டுக்கு ஸ்பேசர் என்று பெயர். விலை அற்பம். சில இடங்களில் வீட்டுக்குத் தண்ணீர்க் குழாய் போட்டபோது மிஞ்சிய பி.வி.சி. துண்டே போதும் என்பார்கள். "பிளாஸ்டிக்கா? உடைந்து போகாதா? இரும்புதானே நல்லது?" என்று உங்களுக்குத் தோன்றலாம். எல்லோருக்கும் முதலில் அப்படித்தான் தோன்றும். ஒரு பொருள் வலுவானதா என்று கேட்பதற்கு முன் அதற்கு அங்கே என்ன வேலை என்று கேட்க வேண்டும். அந்த வேலையை முதலில் பார்ப்போம்.

மோட்டார் சைக்கிளின் முன் சக்கரத்துக்கு இருபுறமும் ஒவ்வொரு கால் இருக்கிறது. இதைத்தான் ஃபோர்க் என்கிறோம். ஒவ்வொரு காலும் ஒன்றுக்குள் ஒன்று நுழையும் இரண்டு குழாய்களால் ஆனது. மேல் குழாய் கைப்பிடியோடு சேர்ந்தது. கீழ்க் குழாய் சக்கரத்தோடு சேர்ந்தது. உள்ளே நீளமான ஸ்பிரிங்கும், குறிப்பிட்ட அளவு எண்ணெயும், அதற்கு மேல் சிறிது காற்றும் இருக்கும். மேட்டில் ஏறும்போது ஸ்பிரிங் சுருங்கிக் குலுக்கலை வாங்கிக் கொள்கிறது. ஸ்பிரிங் மட்டும் இருந்தால் வண்டி ஊஞ்சல் மாதிரி ஆடிக்கொண்டே போகும். எண்ணெய் சிறு துளைகளின் வழியே சிரமப்பட்டுப் போய்வருவதால் அந்த ஆட்டம் அடங்குகிறது. எண்ணெயால் ஆட்டத்தை அடக்கும் இத்தகைய ஃபோர்க்கை ஜெர்மனியின் பி.எம்.டபிள்யூ. நிறுவனம் 1935-ல் தன் ஆர் 12 வண்டியில் பொருத்தி விற்பனைக்குக் கொண்டுவந்தது. நம் பக்கத்தில், 1955-ல் சென்னையில் தொடங்கிய என்ஃபீல்டு இந்தியாவின் புல்லட் வண்டிகளுக்கும் இந்த வகை ஃபோர்க்தான். இன்று ஒரகடத்திலும் வல்லம் வடகாலிலும் உள்ள அதன் ஆலைகளிலிருந்து வரும் வண்டிகள் பலவற்றிலும் அதே தத்துவம்தான் வேலை செய்கிறது.

ஸ்பேசர் உட்காரும் இடம் மேல் குழாயின் உச்சி. மேலே திருகு மூடி, அதற்குக் கீழே ஸ்பேசர், அதற்குக் கீழே ஸ்பிரிங். மூடியை இறுக்கும்போதே ஸ்பிரிங் சிறிது அமுங்கி நிற்கும். வண்டி நின்றாலும் ஓடினாலும் இந்த முன்னழுத்தம் இருந்துகொண்டே இருக்கும்.

இப்போது ஒரு கணக்கு. ஒரு ஸ்பிரிங்கை 1 மில்லி மீட்டர் அமுக்க 6 நியூட்டன் விசை வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். மூடியை இறுக்கியதும் அது 20 மி.மீ. அமுங்கியிருக்கிறது; அதாவது 120 நியூட்டன். வண்டியும் ஓட்டுபவரும் சேர்ந்து ஒரு கால் மீது 420 நியூட்டன் பாரம் தருகிறார்கள் என்றால் ஸ்பிரிங் இன்னும் எவ்வளவு அமுங்கும்? 420-லிருந்து 120 போக மீதி 300. அதை 6-ஆல் வகுத்தால் 50 மி.மீ. இதைத்தான் மெக்கானிக் 'உட்காருவது' என்கிறார். இனி 10 மி.மீ. நீளமான ஸ்பேசரைப் போடுங்கள். முன்னழுத்தம் 180 நியூட்டன் ஆகிவிடும். மீதி 240, உட்காருவது 40 மி.மீ. வண்டியின் முன்பக்கம் 10 மி.மீ. உயர்ந்துவிட்டது.

ஆனால் ஸ்பிரிங் கடினமாகிவிட்டதா? இல்லை. அடுத்த ஒவ்வொரு மி.மீ.-க்கும் அதே 6 நியூட்டன்தான். ஹூக்கின் விதி ஸ்பேசரைப் பார்த்து மாறிவிடுவதில்லை. "பைப் வெச்சதும் ஸ்பிரிங் டைட் ஆயிடுச்சு" என்று பட்டறைகளில் சொல்வது பாதிதான் சரி. தொடங்கும் இடம் மாறியிருக்கிறது, ஸ்பிரிங் மாறவில்லை. கிலோக் கணக்கில் சரக்கு ஏற்றி ஓட்டுபவருக்கு ஸ்பேசர் மட்டும் போதாமல் போவது இதனால்தான். அவருக்கு வேறு ஸ்பிரிங் வேண்டும்.

வேலை தெரிந்துவிட்டது: அமுக்கத்தைத் தாங்குவது, அது மட்டுமே. இழுப்பு இல்லை, முறுக்கு அநேகமாக இல்லை. சுற்றிலும் எஃகுக் குழாய் அணைத்துக்கொண்டிருப்பதால் பக்கவாட்டில் வளைந்து போகவும் இடமில்லை. எவ்வளவு அமுக்கம்? நம் கணக்கில் ஃபோர்க் முழு ஓட்டமும், அதாவது 110 மி.மீ., அமுங்கினால் ஸ்பிரிங் தரும் விசை 840 நியூட்டன். வெளி விட்டம் 25 மி.மீ., சுவர்க்கனம் 3 மி.மீ. உள்ள குழாயின் வெட்டுப் பரப்பு ஏறத்தாழ 207 சதுர மி.மீ. ஆகவே ஒரு சதுர மி.மீ.-க்கு ஏறக்குறைய 4 நியூட்டன். கெட்டியான பி.வி.சி. குழாய் சுமார் 50 நியூட்டன் தாங்கும். சாதாரண இரும்புக் குழாய் சுமார் 250 நியூட்டன் வரை நிலையாக வளையாது. அலுமினியக் கலவைகள் பல 100-க்கு மேல் தாங்கும். ஆக எல்லாமே தேறிவிட்டன! 'எது வலுவானது' என்ற கேள்விக்கு இங்கே வேலையே இல்லை.

எடை? 10 செ.மீ. நீளத் துண்டு பி.வி.சி.-யில் 29 கிராம், அலுமினியத்தில் 56 கிராம், இரும்பில் 162 கிராம் இருக்கும். சக்கரத்தோடு சேர்ந்து மேலும் கீழும் குதிக்கும் பாகங்கள் கனமாக இருந்தால் கெடுதல் என்பது உண்மை. நம் ஸ்பேசரோ மேல் குழாயோடு சேர்ந்தது, அது குதிப்பதில்லை. ஆகவே இந்த 130 கிராம் வித்தியாசத்துக்காக யாரும் கவலைப்பட வேண்டாம்.

உண்மையான வித்தியாசம் நாள்பட்டுத்தான் தெரியும். வீட்டில் துணி காயப்போடும் நைலான் கயிற்றைக் கவனித்திருக்கிறீர்களா? கட்டிய அன்று விறைப்பாக இருக்கும். மாதங்கள் போகப் போகத் தொய்ந்துவிடும். கயிறு அறவில்லை, பாரமும் கூடவில்லை, ஆனாலும் நீண்டுவிட்டது. இடைவிடாத பாரத்தின் கீழ் பிளாஸ்டிக்குகள் இப்படி மெல்ல மெல்ல உருமாறும். பொறியாளர்கள் இதைக் கிரீப் என்கிறார்கள். சூடு ஏறினால் இது விரைவாகும். 1968-ல் சென்னையில் தொடங்கிய சிப்பெட் போன்ற பிளாஸ்டிக் தொழில்நுட்ப நிறுவனங்களில் கற்றுக்கொள்ளும் அடிப்படைப் பாடங்களில் இதுவும் ஒன்று. செங்கல்பட்டுப் பக்கத்துக் கத்திரி வெயிலில் நிறுத்தி வைத்த வண்டியைத் தொட்டுப் பாருங்கள்! பி.வி.சி. ஏறத்தாழ 80 டிகிரி செல்சியசில் இளகும் தன்மைக்கு வந்துவிடும். ஃபோர்க் அவ்வளவு சூடாவதில்லை என்றாலும் இடைவெளி மிகப் பெரிதுமில்லை. நம் ஸ்பேசர் தாங்கும் பாரம் அதன் வலிமையில் பத்தில் ஒரு பங்குக்கும் குறைவு என்பதால் கனமான பி.வி.சி. குழாய் சமாளித்துக்கொள்ளும். மெல்லிய குழாயைப் போட்டால் இந்தக் கணக்கு மாறிவிடும்.

இதை நீங்களே சோதிக்கலாம். 30 செ.மீ. பிளாஸ்டிக் அளவுகோலை 25 செ.மீ. இடைவெளியில் வைத்த இரண்டு செங்கற்கள் மீது கிடத்துங்கள். நடுவில் 200 கிராம் எடைக்கல்லை வையுங்கள். அளவுகோல் எவ்வளவு தொய்கிறது என்று உடனே அளந்து குறித்துக்கொள்ளுங்கள். பக்கத்தில் எஃகு அளவுகோலுக்கும் இதையே செய்யுங்கள். மறுநாள் அதே நேரத்தில் மீண்டும் அளவெடுங்கள். எடையை எடுத்த பிறகு எது முழுவதும் நிமிர்கிறது, எது சிறிது கூனலாகவே நிற்கிறது என்று பாருங்கள். ஒன்றை நிழலிலும் இன்னொன்றை வெயிலிலும் வைத்தால் இன்னும் சுவை.

பி.வி.சி. என்றால் எல்லாம் ஒன்றல்ல. தோட்டத்துக்குத் தண்ணீர் விடும் வளையும் குழாயும் பி.வி.சி.தான், ஆனால் அதை வளைய வைக்க மென்மையாக்கும் எண்ணெய்ப் பொருள் சேர்த்திருப்பார்கள். ஃபோர்க் எண்ணெய் அந்தப் பொருளை உறிஞ்சி எடுத்துவிடும். சுடுதண்ணீருக்குப் போடும் சி.பி.வி.சி. குழாய் சூட்டைக் கூடுதலாகத் தாங்கும், அதனால் இதற்கும் உசிதம் என்று நினைக்கத் தோன்றும். ஆனால் பாரத்தோடு சில எண்ணெய்களும் சேர்ந்தால் அதில் விரிசல் விழும். மென்மையாக்கி சேராத சாதாரணக் கெட்டி பி.வி.சி.-யே தாதெண்ணெயோடு நன்றாக ஒத்துப்போகிறது. இதில் எடைக்கு ஏறத்தாழ 57 சதவீதம் குளோரின். அந்தக் குளோரின் வருவது உப்பிலிருந்து. கேளம்பாக்கம் பக்கத்து உப்பளங்களைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு இது வேடிக்கையாக இருக்கும். காவிரிக் கரையிலுள்ள மேட்டூருக்கு இதில் இரட்டைப் பங்கு உண்டு. 1960-களில் அங்கே பி.வி.சி.-யும் உற்பத்தியாயிற்று, சேர்வராயன் மலையின் பாக்சைட்டிலிருந்து அலுமினியமும் உற்பத்தியாயிற்று. அந்த அலுமினிய உருக்காலை இப்போது இயங்கவில்லை.

அலுமினியம் தவழாது, துருப்பிடிக்காது, லேத்தில் சுலபமாகக் கடையலாம். பின் என்ன குறை? சுருள்வடிவ ஸ்பிரிங் அமுங்கும்போது அதன் முனை சற்றே திரும்பும். பேனா ஸ்பிரிங்கை மேசை மீது நிறுத்தி, முனையில் மையால் புள்ளி வைத்து அமுக்கிப் பாருங்கள். ஃபோர்க்கில் இது பள்ளத்துக்குப் பள்ளம் நடக்கிறது. கடினமான ஸ்பிரிங் எஃகு மென்மையான அலுமினியத்தை ராவி ராவிப் பொடியாக்கும். அலுமினிய ஆக்சைடு மிகக் கடினமானது. உப்புத்தாள்களில் பலவற்றில் ஒட்டியிருக்கும் தூள் அதுதான். இந்தப் பொடி எண்ணெயில் கலந்து சாம்பல் நிறக் குழம்பாகி, ஆயில் சீலையும் வழுவழுப்பான குழாயையும் தேய்த்துவிடும். இதற்கு மருந்து ஒரு எஃகு வாஷர். ஸ்பிரிங்குக்கும் ஸ்பேசருக்கும் நடுவில் அதைப் போட்டால் போதும். பி.வி.சி.-க்கும் அது கட்டாயம். இல்லாவிட்டால் ஸ்பிரிங்கின் கம்பி முனை பிளாஸ்டிக்கில் பதிந்து பள்ளம் போட்டுவிடும். நாம் போட்ட 4 நியூட்டன் கணக்கு, பாரம் வட்டம் முழுவதும் பரவினால்தான் சரி.

மரக்கட்டை வேண்டாம். எண்ணெயில் ஊறி நார் நாராகப் பிரிந்து துளைகளை அடைத்துவிடும். கெட்டியான உருளைத் தண்டும் வேண்டாம், குழாய்தான் வேண்டும். காரணம் உள்ளே அடைபட்டிருக்கும் காற்று. காற்று நிரலின் உயரம் 160 மி.மீ. இருந்து, ஃபோர்க் 110 மி.மீ. அமுங்கினால் அது 50 மி.மீ. ஆகும், பாயில் விதிப்படி அழுத்தம் 3.2 மடங்காகிறது. கெட்டித் துண்டு அந்த இடத்தில் 30 மி.மீ. உயரத்தை அடைத்துக்கொண்டால் 130 போய் 20 ஆகும்; 6.5 மடங்கு! ஓட்டத்தின் கடைசியில் ஃபோர்க் கல் மாதிரி ஆகிவிடும்.

கடற்கரைப் பக்கத்துக்காரர்கள், "உப்புக் காற்றில் இரும்பு ஸ்பேசர் துருப்பிடிக்காதா?" என்று கேட்பார்கள். எண்ணெய் பூசிய மூடிய அறைக்குள் உப்புக் காற்று எளிதில் வராது. நெம்மேலி, கோவளம் பக்கம் அது தாக்குவது வெளியே தெரியும் மேல் குழாயின் பளபளப்பைத்தான். அங்கே துருப்புள்ளி விழுந்தால் ஆயில் சீல் கிழிந்து எண்ணெய் ஒழுகும். எண்ணெய் குறைந்தாலும் வண்டி குனியும்! அப்போது ஸ்பேசர் போட்டு என்ன பயன்? காய்ச்சலுக்குக் காரணம் பார்க்காமல் போர்வை போர்த்துவது போலத்தான். ஸ்பிரிங்கின் நீளம் நிறுவனம் தரும் எல்லைக்குக் கீழே போயிருந்தாலும் புதிது போடுவதுதான் வழி.

இன்னொரு ஆபத்து நீளத்தில் இருக்கிறது. 400 மி.மீ. நீளமுள்ள ஸ்பிரிங்கில் 4 மி.மீ. கம்பி 65 சுற்று இருந்தால் எல்லாச் சுற்றும் ஒட்டிக்கொள்ளும்போது 260 மி.மீ.; அமுங்க இருக்கும் இடம் 140 மி.மீ.தான். முன்னழுத்தம் 20, ஓட்டம் 110, ஆக 130 முதலிலேயே செலவு. மிச்சம் 10. ஸ்பேசரை 10 மி.மீ. கூட்டினால் அந்த மிச்சம் தீர்ந்தது. 20 மி.மீ. கூட்டினால் பெரிய பள்ளத்தில் ஸ்பிரிங் ஸ்பிரிங்காக இருக்காது, இரும்புத் தடியாகிவிடும். அந்த அடி முழுவதும் மூடியின் மரையில் விழும். முன் சக்கரம் தரையோடு இருக்க வேண்டிய நேரத்தில் வண்டி துள்ளும். ஒரகடத்தில் வாகனங்களைச் சோதிக்கும் மையம் இருக்கிறது. ஆலையிலிருந்து வரும் ஃபோர்க் பல சோதனைகளைத் தாண்டி வருகிறது. நாம் வெட்டிய துண்டுக்கு அந்தச் சோதனை கிடையாது. அதனால்தான் 5 மி.மீ., 10 மி.மீ. என்று சிறிது சிறிதாகத்தான் கூட்டிப் பார்க்க வேண்டும்.

ஒரு எச்சரிக்கை. இதைப் படித்துவிட்டு அப்பாவின் வண்டி மூடியைக் கழற்றப் போய்விடாதீர்கள். அந்த மூடிக்குக் கீழே 12 முதல் 18 கிலோ வரையிலான விசை காத்திருக்கிறது. கடைசி மரை விட்டதும் மூடி முகத்தை நோக்கிப் பாயும். முன்பக்கத்தைத் தாங்கி நிறுத்தாமல் கழற்றினால் வண்டியே சாய்ந்து விழும். அது தெரிந்தவர் செய்யும் வேலை.

நீங்கள் பக்கத்தில் நின்று பார்க்கலாம், கேட்கலாம். என்னைக் கேட்டால், நீளம் எவ்வளவு வேண்டும் என்று தெரியும்வரை கனமான பி.வி.சி. துண்டு, அது முடிவானதும் அதே அளவில் அலுமினியத் துண்டு. இரண்டிலும் எஃகு வாஷர். ஆக்ஸா பிளேடால் அறுத்த முனை கோணலாக இருக்கும், ஆகவே லேத்தில் கொடுத்துச் சமப்படுத்த வேண்டும். கண்ணாடித் தகட்டின் மேல் நிறுத்தி, அடியில் வெளிச்சம் கசிகிறதா என்று பார்த்தால் தெரிந்துவிடும். பிசிறை உப்புத்தாளில் தேய்த்து, மண்ணெண்ணெயில் கழுவித் துடைக்க வேண்டும். பிறகு இரண்டு துண்டுகளையும் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்தி விரலால் தடவிப் பாருங்கள். நகம் தட்டினால் ஒன்று நீளம். அதைத் திரும்பவும் லேத்துக்கு அனுப்புங்கள்.