பாடாத பாட்டு: லால்குடி ஜெயராமன் வயலினில் சொற்கள் கேட்பது எப்படி?

2001-ல் வந்த ‘மின்னலே’ படத்தின் ‘வசீகரா’ பாட்டை ஹெட்போனில் ஒருமுறையாவது கேட்காதவர்கள் குறைவு. பாடியவர் பாம்பே ஜெயஸ்ரீ. ‘லைஃப் ஆஃப் பை’ படத்தின் தாலாட்டுக்காக 2013-ல் ஆஸ்கர் பரிந்துரைப் பட்டியல்வரை போனதும் இதே குரல்தான். அந்தக் குரலில் ஒரு விசேஷம் உண்டு. எந்தச் சொல்லையும் உரக்கச் சொல்லாது. ஆனால் ஒரு எழுத்துகூடக் காதில் விழாமல் போகாது.

இந்தப் பாடகியின் குரு யார் தெரியுமா? ஒரு வயலின் வித்வான். பெயர், லால்குடி ஜெயராமன்.

பாட்டுக்காரருக்கு வயலின்காரர் குருவா? சொல்லே இல்லாத ஒரு வாத்தியத்தை வாசிப்பவர், சொல்லை எப்படிச் சொல்ல வேண்டும் என்று கற்றுக்கொடுக்க முடியுமா? முடியும். எப்படி என்பது புரிந்துவிட்டால், அவருடைய வயலின் இசையைக் கேட்கும் விதமே மாறிவிடும்.

ஐந்து பாட்டு கிடைத்த ஊர்

திருச்சியிலிருந்து கொள்ளிடத்தைத் தாண்டி அரியலூர் பக்கம் போகும் ரயிலில் ஏறினால் சற்று நேரத்திலேயே லால்குடி வந்துவிடும். பழைய பெயர் திருத்தவத்துறை. சிவப்பாக இருந்த கோபுரத்தைப் பார்த்துப் படையெடுத்து வந்தவர்கள் ‘லால் குடி’ என்றார்கள், அதுவே பெயராக ஒட்டிக்கொண்டது என்று ஊரில் ஒரு கதை சொல்வார்கள். அது கதைதான்.

சங்கீதக்காரர்களுக்கு இந்த ஊர் வேறு காரணத்துக்காகத் தெரியும். தியாகராஜர் இங்கே வந்து, சப்தரிஷீஸ்வரர் கோயிலின் அம்மன் மீதும் சுவாமி மீதும் ஐந்து கீர்த்தனைகள் பாடினார். தோடி, பைரவி, காம்போதி, கல்யாணி, மத்யமாவதி. ‘லால்குடி பஞ்சரத்னம்’ என்று பெயர். ஆண்டுதோறும் திருவையாறு ஆராதனையில் எல்லோரும் சேர்ந்து பாடும் பஞ்சரத்னம் வேறு, இது வேறு. இரண்டையும் ஒன்றென்று நினைப்பவர்கள் உண்டு. தியாகராஜரின் சீடர்களில் ஒருவர் லால்குடி ராமய்யர். அவருடைய வழியில் வந்த குடும்பத்தில் 1930 செப்டம்பர் 17-ம் தேதி பிறந்தவர் ஜெயராமன். அப்பா கோபாலய்யர்தான் குரு. 12 வயதில் பக்கவாத்தியக்காரராக மேடை ஏறிவிட்டார்.

சொல் வாசிக்கும் வில்

வயலின் நம் ஊர் வாத்தியம் அல்ல. 19-ம் நூற்றாண்டின் தொடக்கத்தில் முத்துஸ்வாமி தீட்சிதரின் தம்பி பாலுஸ்வாமி தீட்சிதரும், தஞ்சை நால்வரில் ஒருவரான வடிவேலுவும் அதை எடுத்துப் பழகினார்கள். நிற்பதை விட்டு உட்கார்ந்து, வயலினின் தலையை வலது கால் கணுக்காலருகே வைத்து, நான்கு தந்திகளையும் ச-ப-ச-ப என்று சுருதி கூட்டி அதைக் கர்நாடக வாத்தியமாகவே ஆக்கிவிட்டார்கள்.

ஏன் பியானோ அப்படி வரவில்லை? அதுவும் அதே வெள்ளைக்காரர்கள் கொண்டுவந்ததுதானே? பியானோவில் ஒவ்வொரு சுரத்துக்கும் ஒரு கட்டை. ‘ம’வுக்கு ஒன்று, ‘ப’வுக்கு ஒன்று. இரண்டுக்கும் நடுவே வழி கிடையாது. கமகம் என்பதோ அந்த நடுவழியில்தான் இருக்கிறது. ஒரு சுரத்திலிருந்து இன்னொன்றுக்கு வழுக்கிக்கொண்டும் அசைந்துகொண்டும் போவது அது. இதே குறையைச் சொல்லித்தான் ஹார்மோனியத்தை 1940-ல் அகில இந்திய வானொலியே விலக்கி வைத்தது. 1971 வாக்கில்தான் கதவு கொஞ்சம் திறந்தது. வயலினில் கட்டையும் இல்லை, மெட்டும் இல்லை. விரல் எங்கே வேண்டுமானாலும் வழுக்கலாம்.

ஆக, இடது கை கமகத்தைக் கொடுத்துவிடும். மிச்சம் இருப்பது வலது கை, அதாவது வில். லால்குடி ஜெயராமன் பெயர் வாங்கியது பெரிதும் இந்த இடத்தில்தான்.

தமிழ் இலக்கண வகுப்பில் படித்த உயிர், மெய் ஞாபகம் இருக்கிறதா? ஒரு சொல்லைப் பாடும்போது மெய்யெழுத்து சட்டென்று வந்து போய்விடும். நீட்டிப் பாட முடிவது உயிரை மட்டும்தான். ‘காவேரி’ என்று இழுத்துப் பாடிப் பாருங்கள். நீள்வது ‘க்’ அல்ல, அதற்குப் பின்னால் வரும் ‘ஆ’. இதை வில்லில் கொண்டுவர வேண்டும். புது எழுத்து தொடங்கும் இடத்தில் வில் புதிதாகத் தந்தியைத் தொட வேண்டும். உயிர் நீளும்வரை அதே வில் அறுபடாமல் நீள வேண்டும். வல்லெழுத்துக்கு ஒரு அழுத்தம், மெல்லெழுத்துக்கு ஒரு மென்மை. தாளத்தின் வசதிக்காக நடுச்சொல்லில் வில்லை மாற்றினால் பாட்டு வெறும் மெட்டாகிவிடும். சரியான இடத்தில் மாற்றினால், பாட்டுத் தெரிந்தவர் காதில் சாகித்யம் ஓட ஆரம்பித்துவிடும்.

இதைத்தான் ‘லால்குடி பாணி’ என்கிறோம். வயலினைப் பாட வைப்பது. இதைச் செய்ய வேண்டுமென்றால் வாசிப்பவருக்குப் பாடவும் தெரிய வேண்டும், சொல்லின் பொருளும் தெரிய வேண்டும். அப்படிப்பட்டவரிடம் ஒரு பாடகி கற்றுக்கொண்டதில் ஆச்சரியம் என்ன?

இது ஒன்றுதான் வழி என்று எல்லோரும் ஒப்புக்கொண்டதில்லை. வாத்தியம் எதற்குக் குரலின் நிழலாக இருக்க வேண்டும், அதற்கென்று தனி மொழி இல்லையா என்று கேட்பவர்கள் உண்டு. நியாயமான கேள்விதான். அதே தலைமுறையில் எம்.எஸ். கோபாலகிருஷ்ணனின் வயலின் வேறு வழியில் பாய்ந்தது, டி.என். கிருஷ்ணனின் வயலின் நாதத்தின் இனிமையிலேயே நின்றது. மூவரையும் சேர்த்து ‘வயலின் மும்மூர்த்திகள்’ என்பார்கள். ஆனால் குரலைப் பின்பற்றுவது என்றால் நகல் எடுப்பது என்று லால்குடி புரிந்துகொள்ளவில்லை. அதற்குச் சாட்சி அவருடைய சொந்தப் பாட்டுகள்.

பக்கத்தில் உட்கார்ந்தவர்

பக்கவாத்தியக்காரரின் வேலை விசித்திரமானது. பாடகர் அடுத்து என்ன பாடுவார் என்று அவருக்குச் சொல்லப்படுவதில்லை. மேடையிலேயே கேட்டு, மேடையிலேயே பதில் சொல்ல வேண்டும். அரியக்குடி ராமானுஜ அய்யங்கார், செம்பை, செம்மங்குடி, ஜி.என்.பி., மதுரை மணி அய்யர், ஆலத்தூர் சகோதரர்கள் என்று ஜெயராமன் பக்கத்தில் உட்கார்ந்து வாசித்த பெயர்களைப் பார்த்தால் அது கிட்டத்தட்ட ஒரு தலைமுறையின் மொத்தப் பட்டியல். அரியக்குடிக்குக் கச்சிதம் வேண்டும், ஜி.என்.பி.க்கு வேகம் வேண்டும்; மணி அய்யரின் சுரங்களுக்கு விளையாட்டு வேண்டும். ஒவ்வொருவருக்கும் வேறு வேறு ஆளாக வாசித்தவர்.

இந்த மாதிரி மற்றவர்களின் குரலுக்காகவே வேலை செய்தவர், ஒரு கட்டத்தில் தன் மனதில் இருப்பதைத் தானே சொல்லத் தொடங்கினால் என்ன ஆகும்? மேற்கத்திய பாப் உலகில் இதற்கு ஒரு பிரபலமான உதாரணம் உண்டு. கரோல் கிங் 1960-கள் முழுக்க அடுத்தவர்கள் பாடுவதற்குப் பாட்டு எழுதிக்கொண்டிருந்தார். 1971-ல் பியானோ முன் உட்கார்ந்து, தன் குரலிலேயே ‘டேபஸ்ட்ரி’ ஆல்பத்தைக் கொடுத்தார். அரீத்தா ஃபிராங்க்ளின் முழங்கிப் பாடிப் பெயர் பெற்ற அவருடைய பாட்டு ஒன்றும் அதில் இருக்கிறது; வீட்டு அறைக்குள் தனக்குத்தானே பாடிக்கொள்வதுபோல் அடக்கமாக. அடுத்த ஆண்டு கிராமி விருது அதற்குப் போனது. கேட்டவர்களைக் கவர்ந்தது குரலின் வலிமை அல்ல, அந்த நெருக்கம்.

லால்குடி விஷயத்தில் வரிசை கொஞ்சம் வேறு. 1965-ல் எடின்பரோ விழாவில் அவர் வாசிப்பைக் கேட்ட யெஹுதி மெனுஹின் தன்னுடைய இத்தாலிய வயலின் ஒன்றையே அவருக்குப் பரிசாகக் கொடுத்தார். 1966-ல் புல்லாங்குழல் என். ரமணி, வீணை ஆர். வெங்கட்ராமன் ஆகியோருடன் ‘வேணு-வீணை-வயலின்’ கச்சேரியைத் தொடங்கினார். மூன்று வாத்தியம், பாட்டுக்காரரே இல்லை. வர்ணங்களையும் தில்லானாக்களையும் இயற்றவும் செய்தார். பக்கத்தில் உட்கார்ந்திருந்தவரிடமிருந்து கீர்த்தனைகளைவிட இந்த இரண்டு வகைகள் அதிகம் வந்ததைக் கவனிக்க வேண்டும். ஒன்று கச்சேரியின் தொடக்கம். இன்னொன்று கடைசி.

சொல் இல்லாத இடத்தில் என்ன பேசினார்?

தில்லானா என்பது பெரும்பாலும் அர்த்தமற்ற சொற்கட்டுகள். மிருதங்கச் சொல்லும் ஜதியும் கலந்த ஒலிகள். சரணத்தில் மட்டும் சில வரி சாகித்யம் வரும். பரதநாட்டியத்தில் கடைசி உருப்படி. கச்சேரியில் மங்களத்துக்கு முன்னால் வரும் விறுவிறுப்பு. ஸ்வாதித் திருநாளின் தனஸ்ரீ தில்லானா, பாலமுரளிகிருஷ்ணாவின் கதனகுதூகலத் தில்லானா என்று ஏற்கெனவே நாம் கேட்டுப் பழகியவை உண்டு. கால் தட்ட வைக்கும். கேட்டுவிட்டுச் செருப்பு தேடப் போய்விடலாம்.

லால்குடியின் தில்லானாக்களிலும் கால் தட்டும். ஆனால் உள்ளே வேறு ஏதோ ஒன்று நடக்கும். அவருடைய மோகனகல்யாணித் தில்லானாவை எடுத்துக்கொள்ளுங்கள். மோகனகல்யாணி, ஹரிகேசநல்லூர் முத்தையா பாகவதர் உருவாக்கிய ராகம். மேலே ஏறும்போது மோகனம், ஐந்தே சுரம். இறங்கும்போது கல்யாணி, ஏழு சுரம். ஏறுவது துள்ளல், இறங்குவது ஒரு நிதானம். குதித்து ஓடிய குழந்தை திரும்பி வரும்போது கொஞ்சம் வளர்ந்து வந்ததுபோல. அந்த வேறுபாட்டைச் சொற்கட்டுகளை மட்டும் வைத்துக்கொண்டே காட்டிவிடுகிறார். ‘தீம்’ என்ற ஒலிக்கு அகராதியில் பொருள் இல்லை. ஆனால் அது எந்தச் சுரத்தில் விழுகிறது, எவ்வளவு நேரம் நிற்கிறது என்பதில் பொருள் வந்துவிடுகிறது.

தேஷ், திலங், பாகேஸ்ரீ, மதுவந்தி போல வடக்கே அதிகம் புழங்கும் ராகங்களிலும் தில்லானா போட்டார். தாளக்கணக்கு கச்சிதமாக இருக்கும். இருந்தும், கேட்டு முடித்தால் கணக்கு நினைவில் நிற்பதில்லை, ஒரு ஏக்கம்தான் நிற்கிறது.

சொல் இருக்கும் இடத்திலும் அவர் கவனம் மனசுக்குள்தான். சாருகேசியில் அமைந்த தமிழ்ப் பத வர்ணம் நாட்டியக்காரர்களுக்கு மிகவும் பிடித்தது. தன் மனதை அறிந்தும் அறியாததுபோல் இருக்கும் கண்ணனிடம் ஒரு பெண் கேட்கும் கேள்வி அது. கோபமா, கெஞ்சலா என்று பிரித்துச் சொல்ல முடியாது. சாருகேசி இரண்டுக்கும் இடம் கொடுக்கிற ராகம். மதுரை அங்கயற்கண்ணியைப் பாடும் நவரச வர்ணத்தில் ஒன்பது ரசங்களுக்கு ஒன்பது ராகங்கள். தமிழ், தெலுங்கு, சமஸ்கிருதம், கன்னடம் ஆகிய மொழிகளில் இயற்றியவர் அவர். ‘சிருங்காரம்’ படத்துக்கு இசையமைத்துத் தேசிய விருதும் வாங்கினார். பத்மஸ்ரீ 1972-ல், பத்மபூஷண் 2001-ல்.

இதில் ஒரு வருத்தமும் உண்டு. அரங்கேற்றத்தில் அந்தத் தில்லானாவுக்குக் கைதட்டும் பலருக்கு அது நம் காலத்து மனிதர் ஒருவர் போட்டது என்றே தெரியாது. ஏதோ நூறு, இருநூறு வருஷத்துச் சொத்து என்று நினைத்துக்கொள்கிறார்கள். பாட்டு ஆப்களிலும் பாடியவர் பெயர்தான் முன்னால் நிற்கும். இயற்றியவர் பெயரைத் தேடித்தான் எடுக்க வேண்டும். இயற்றியவரின் பெயர் மறைந்து பாட்டு மட்டும் மரபோடு கலந்துவிடுவது ஒருவகையில் பெரிய கௌரவம் என்று சொல்லித் தேற்றிக்கொள்ளலாம். 2013 ஏப்ரல் 22-ல் மறைந்த ஒருவருக்கு அந்தக் கௌரவம் கொஞ்சம் சீக்கிரமாகவே வந்துவிட்டது.

ரசிகருக்கு வேலை உண்டா?

உண்டு. வயலின் சொல்லை வாசிக்கிறது என்றால், அந்தச் சொல் ஏற்கெனவே கேட்பவர் மனதில் இருக்க வேண்டும். அந்தக் கால ரசிகருக்கு இருந்தது. திருச்சி வானொலி 1939-லிருந்தே இருக்கிறது. காலையில் ரேடியோ, மாலையில் கோயில் கச்சேரி, வீட்டில் யாராவது ஒருவர் பாடம் செய்வது என்று கீர்த்தனைகள் காதில் விழுந்துகொண்டே இருந்தன. அதனால் லால்குடி வில்லை எடுத்ததும் எதிரில் இருப்பவர்கள் மனசுக்குள் பாட ஆரம்பித்தார்கள். பாதிக் கச்சேரி மேடையில், மீதி கேட்பவர் தலைக்குள். ‘பேஷ்’ என்ற அந்த ஒற்றைச் சொல் வருவது இரண்டும் பொருந்துகிற நொடியில்தான்.

இப்போது அந்த மீதிப் பாதிதான் சிக்கல். பெரும்பாலான கீர்த்தனைகள் தெலுங்கில். முப்பது வினாடி ரீல்ஸில் ராகம் தலையெடுப்பதற்குள் அடுத்த வீடியோ வந்துவிடும். சொல் தெரியாதவருக்கு இந்த வயலின் இனிமையாகத்தான் இருக்கும். வேலை செய்துகொண்டே கேட்கும் பின்னணி இசையாகவும் ஆகிவிடும். அப்படிக் கேட்பது குற்றம் ஒன்றும் இல்லை. ஆனால் இந்த மனிதர் வில்லில் செய்துவைத்த வேலை அத்தனையும் அங்கே வீணாகிறது.

சரிசெய்வது பெரிய காரியம் இல்லை. தெரிந்த ஒரு கீர்த்தனையை எடுத்துக்கொள்ளுங்கள். முதலில் யாராவது பாடியதைக் கேளுங்கள், வரிகளைக் கையில் வைத்துக்கொண்டே. இரண்டு நாள் அதையே கேட்ட பிறகு, அதே கீர்த்தனையை லால்குடி வாசித்த பதிவு கிடைத்தால் போடுங்கள். நீங்கள் பாடாமலே உள்ளே ஒன்று பாடும். வில் எங்கே திரும்புகிறது, எங்கே திரும்பாமல் இழுக்கிறது என்பது அப்போது தானாகக் காதில் படும்.

பிறகு ஒரு தில்லானா. அவர் வாசித்ததாக இருந்தால் நல்லது, மகன் ஜி.ஜே.ஆர். கிருஷ்ணனும் மகள் விஜயலட்சுமியும் அதே பாணியில் வாசித்தவையும் இருக்கின்றன. சொற்கட்டு ஓடிக்கொண்டே இருக்கும். நடுவில் சரணத்தின் சாகித்யம் வரும். யாரும் பாடவில்லை, திரையில் வரியும் இல்லை. சொற்கட்டு எங்கே முடிந்தது, சொல் எங்கே ஆரம்பித்தது என்று வில்லின் போக்கை மட்டும் வைத்துச் சொல்ல முடிகிறதா பாருங்கள்.