ஆளறிந்த மருத்துவம்

வத்தலக்குண்டு வட்டாரச் சங்கங்களிற் கணக்குப் பார்க்கச் செல்கையில், அண்டை வீட்டார்க்குக் குணமளித்த மருந்தையே தாமும் வாங்கியுண்ணும் அங்கத்தினரைக் காண்கிறோம். இது தகாது. சீனத்து அக்குபங்சர் முறையை நோக்குக. 1938-இல் சீனம் சென்ற இந்திய மருத்துவக் குழுவினருள் ஒருவரான டாக்டர் பி.கே. பாசு, அதனை 1959-இல் கல்கத்தாவில் தொடங்கினார். தறியில் அமர்பவர்க்கும் மல்லிகை பறிப்பவர்க்கும் தோள்வலியே. ஆயினும் இம்முறை பயின்றவர் இருவர்க்கும் ஒன்றுபோல் ஊசியிடார். நாவைப் பார்ப்பார், இரு மணிக்கட்டிலும் நாடி பிடிப்பார், பசியும் உறக்கமும் வினவிய பின்னரே இடந் தேர்வார். சீனக் கஷாயத்திலும் மூலிகைகள் ஆளுக்கேற்பக் கூடும், குறையும். நம் சித்த வைத்தியர் மூன்று விரலால் வாதம், பித்தம், கபம் அறிவதும் இதன்பொருட்டன்றோ? எனினும் எந்நோயும் ஊசியால் தீரும் என்பாரை நாம் நம்புவதற்கில்லை. செல்வோர், சர்க்கரை நோய்க்கோ காசநோய்க்கோ உண்ணும் மாத்திரையைத் தாமே நிறுத்தற்க. ஊசியும் உறை பிரிக்காத புதியதா என்று பார்த்துக்கொள்க.