வட்டார எல்லையும் வாக்கின் பெறுமதியும்: மாந்தை மேற்கை முன்வைத்து ஒரு நோக்கு

உள்ளூராட்சித் தேர்தல் அறிவிக்கப்பட்டதும் யார் வேட்பாளர், எந்தக் கட்சி யாருடன் கூட்டு என்பவை பற்றியே நமது பேச்சு முழுவதும் அமைந்துவிடுகின்றது. ஆனால் பெறுபேற்றின் ஒரு பகுதி வேட்புமனுத் தாக்கலுக்குப் பல வருடங்களுக்கு முன்னரே தீர்மானிக்கப்பட்டுவிடுகின்றது என்பதைப் பலரும் கவனிப்பதில்லை. வட்டாரங்களின் எல்லை எங்கே தொடங்கி எங்கே முடிகின்றது என்பதே அந்தத் தீர்மானமாகும். வர்த்தமானி அறிவித்தலில் சில வரிகளாக இடம்பெறும் இந்த எல்லைகள், ஒரு கிராமத்துக்குத் தனது குரலைச் சபைக்கு அனுப்ப முடியுமா முடியாதா என்பதை நிர்ணயிக்கின்றன. தமிழரும் முஸ்லிம்களும் கலந்து வாழும் மன்னார் மாவட்டத்தில் இவ்விடயம் மேலும் நுணுக்கமாக நோக்கப்பட வேண்டியதாகும்.

மன்னார் மாவட்டத்தில் ஐந்து பிரதேச செயலகப் பிரிவுகளும் 153 கிராம அலுவலர் பிரிவுகளும் உள்ளன. உள்ளூராட்சியைப் பொறுத்தவரை மன்னார் நகர சபையும் மன்னார், நானாட்டான், முசலி, மாந்தை மேற்கு ஆகிய நான்கு பிரதேச சபைகளும் இயங்குகின்றன. இவற்றுள் மாந்தை மேற்குப் பிரதேச சபை, மாந்தை மேற்கின் 36 கிராம அலுவலர் பிரிவுகளுடன் மடுப் பிரதேசத்தின் 17 பிரிவுகளையும் உள்ளடக்கியது. கரையோரத்தில் விடத்தல்தீவு, இலுப்பைக்கடவை போன்ற ஊர்கள். உட்பகுதியில் அடம்பன், பெரியமடு, மடு போன்ற ஊர்கள். கரையில் கடற்றொழில், உள்ளே குளத்தை நம்பிய நெற்செய்கை. சில இடங்களில் ஊருக்கும் ஊருக்கும் இடையே வயலும் காடும் மட்டுமே. இத்தகைய நிலப்பரப்பில் சனத்தொகைக் கணக்கை மட்டும் வைத்து வட்டாரம் பிரிப்பது எளிதான காரியமல்ல.

வட்டார முறை வந்த வழி

இலங்கையில் வட்டார முறை புதியதொன்றல்ல. 1946ஆம் ஆண்டின் உள்ளூர் அதிகாரசபைகள் தேர்தல் கட்டளைச் சட்டத்தின் கீழ் வட்டாரத்துக்கு ஓர் உறுப்பினர் என்ற முறையே நிலவியது. 1970களின் பிற்பகுதியில் அது கைவிடப்பட்டு விகிதாசாரப் பிரதிநிதித்துவ முறை கொண்டுவரப்பட்டது. 1987ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கச் சட்டத்தின் மூலம் உருவான பிரதேச சபைகள் தமது ஆரம்பத் தேர்தல்களை விகிதாசார முறையிலேயே கண்டன. அம்முறையில் சிதறி வாழும் சமூகத்தின் வாக்குகளும் வீண்போகவில்லை. ஆயினும், "எங்கள் ஊருக்குப் பொறுப்பான உறுப்பினர் யார்?" என்று கேட்டால் பதில் கூற எவரும் இருக்கவில்லை.

இக்குறையை நீக்கவென 2012ஆம் ஆண்டின் 22ஆம் இலக்கத் திருத்தச் சட்டம் கலப்புத் தேர்தல் முறையை அறிமுகப்படுத்தியது. உறுப்பினர்களில் 70 வீதத்தினர் வட்டாரங்களிலிருந்தும் 30 வீதத்தினர் பட்டியலிலிருந்தும் தெரிவாக வேண்டுமென அச்சட்டம் கூறியது. தேசிய எல்லை நிர்ணயக் குழுவின் வேலையின் அடிப்படையில் 2015 ஓகஸ்டில் வட்டாரங்கள் வர்த்தமானியில் அறிவிக்கப்பட்டன. ஏராளமான ஆட்சேபனைகள் எழுந்ததையடுத்து அசோக பீரிஸ் தலைமையில் மீளாய்வுக் குழு அமைக்கப்பட்டது. அதன் அறிக்கை 2017 ஜனவரியில் கையளிக்கப்பட்டு, பெப்ரவரியில் வட்டார எல்லைகள் மீண்டும் வர்த்தமானியில் வெளியாகின. அதே ஆண்டின் 16ஆம் இலக்கச் சட்டம் விகிதத்தை 60க்கு 40 என மாற்றியது. வட்டாரங்களை மீண்டும் பிரிக்காமலேயே பட்டியல் ஆசனங்களைக் கூட்டி இம்மாற்றம் செய்யப்பட்டதனால், நாடு முழுவதும் ஏறத்தாழ 4,500 ஆக இருந்த உறுப்பினர் தொகை 2018 பெப்ரவரி 10ஆந் திகதி நடைபெற்ற தேர்தலின் பின்னர் 8,700ஐ எட்டியது.

வட்டாரத்தில் அதிக வாக்குப் பெற்ற வேட்பாளர் தெரிவாகின்றார். அதன் பின்னர் சபை முழுவதிலும் ஒவ்வொரு கட்சியும் பெற்ற மொத்த வாக்குகளுக்கு ஏற்ப அதற்குரிய ஆசனங்கள் கணிக்கப்படுகின்றன. வட்டாரங்களில் வென்ற ஆசனங்கள் போக எஞ்சியவை பட்டியலிலிருந்து நிரப்பப்படுகின்றன. உரிய தொகையை விட அதிகமான வட்டாரங்களை ஒரு கட்சி வென்றிருந்தால் அவற்றை அது வைத்துக்கொள்ளும். சபையின் அளவே கூடிவிடும்.

இங்கு ஒரு விடயம் தெளிவாக விளங்கிக்கொள்ளப்பட வேண்டும். பட்டியல் ஆசனம் கட்சிக்குக் கிடைக்கும் நியாயமே தவிர, ஊருக்குக் கிடைக்கும் நியாயமல்ல. வட்டாரத்தில் வெல்ல முடியாத ஒரு கிராமம், கட்சித் தலைமை தனது பட்டியலிலிருந்து யாரைத் தெரிவு செய்யும் என்று காத்திருக்க வேண்டியதாகின்றது. ஆகவே பட்டியல் இருக்கின்றதே என்ற ஆறுதலில் வட்டார எல்லையைக் கவனியாது விடுவது புத்திசாலித்தனமல்ல.

கோடு செய்யும் வேலை

எல்லையின் வலிமையை ஒரு கற்பனைக் கணக்கின் மூலம் விளக்கலாம். 10,000 பேர் வாழும் ஒரு சபைப் பிரதேசம் தலா 1,000 பேர் கொண்ட 10 வட்டாரங்களாகப் பிரிக்கப்படுகின்றது எனக் கொள்வோம். அங்கு ஒரு சமூகத்தவர் 7,000 பேர், மற்றைய சமூகத்தவர் 3,000 பேர். ஒவ்வொருவரும் தத்தமது சமூகத்தவருக்கே வாக்களிப்பதாகவும் வைத்துக்கொள்வோம். அந்த 3,000 பேரும் வட்டாரத்துக்கு 300 பேர் வீதம் பத்திலும் பிரிக்கப்பட்டால் அவர்களுக்கு ஓர் ஆசனமும் கிடையாது. அவர்களில் 1,000 பேர் ஒரே வட்டாரத்துக்குள் அடைக்கப்பட்டு ஏனையோர் மற்றைய வட்டாரங்களில் சிதறடிக்கப்பட்டால் ஓர் ஆசனம். அவர்களது ஊர்கள் உடைக்கப்படாது வட்டாரங்களாக அமைந்தால் மூன்று. ஐந்து வட்டாரங்களில் 600 பேர் வீதம் அமைந்தாலோ ஐந்து. மக்களும் அவர்களே, வாக்குகளும் அவையே. கோடு மாத்திரமே மாறியது. மூன்று என்பது நியாயம், பூச்சியம் அநீதி என்றால், ஐந்தும் மற்றைய சமூகத்துக்கு இழைக்கப்படும் அநீதியே என்பதையும் மறந்துவிடலாகாது.

இது வெறும் ஏட்டுக் கணக்கல்ல. 1960களில் வட அயர்லாந்தின் டெரி நகரில் கத்தோலிக்கர்களே பெரும்பான்மையினர். ஆயினும் மாநகர சபையின் 20 ஆசனங்களில் 12 ஆசனங்கள் யூனியனிஸ்ட் கட்சியின் கையிலேயே இருந்தன. கத்தோலிக்கர்களில் பெரும்பாலோர் தெற்கு வட்டாரத்துக்குள் அடைக்கப்பட்டு அதற்கு 8 ஆசனங்களும், ஏனைய இரண்டு வட்டாரங்களுக்கும் சேர்த்து 12 ஆசனங்களும் ஒதுக்கப்பட்டிருந்தமையே காரணம். வீடமைப்பு, வேலைவாய்ப்பு ஆகியவற்றில் நிலவிய பாரபட்சத்துடன் இக்குறையும் சேர்ந்து 1968ஆம் ஆண்டின் சிவில் உரிமைப் போராட்டத்துக்கு வழிவகுத்தது. மறுவருடமே அந்த மாநகர சபை கலைக்கப்பட்டது. ஒரு சிறிய நகர சபையின் வட்டாரக் கோடு ஒரு நாட்டின் அமைதியையே குலைக்கும் காரணிகளில் ஒன்றாக முடிந்தது.

யாரை எண்ணுவது?

வட்டார எல்லைகளை நிர்ணயிக்கும்போது சனத்தொகையும் அதன் அடர்த்தியும், இன விகிதாசாரம், புவியியல் அமைப்பு, பொருளாதார அபிவிருத்தி நிலை ஆகியவை கவனத்திற் கொள்ளப்பட வேண்டுமெனச் சட்டம் எதிர்பார்க்கின்றது. இவற்றுள் சனத்தொகையே அடித்தளமாகின்றது. மன்னாரைப் பொறுத்தவரை சிக்கல் அந்த அடித்தளத்திலேயே இருக்கின்றது.

1981ஆம் ஆண்டின் குடிசன மதிப்பீட்டின்படி மன்னார் மாவட்டத்தில் ஏறத்தாழ நால்வரில் ஒருவர் முஸ்லிம். 2012ஆம் ஆண்டின் மதிப்பீட்டில் அது ஏறத்தாழ 16 வீதமாகக் காணப்பட்டது. இடையில் நடந்ததை நாமறிவோம். 1990 ஒக்டோபரில் வடக்கின் முஸ்லிம்கள் விடுதலைப் புலிகளால் வெளியேற்றப்பட்டனர். மன்னார்த் தீவிலிருந்து பலர் கடல் வழியாகக் கற்பிட்டியைச் சென்றடைந்தனர். புத்தளத்தில் ஒரு புதிய தலைமுறையே பிறந்து வளர்ந்தது. யுத்தம் முடிவுற்ற பின்னர் மீள்குடியேற முனைந்தோருக்கு வீடு, காணி, பாடசாலை, தொழில் என ஒவ்வொன்றும் தடையாக இருந்தன. குடும்பத்தில் ஒருவர் மன்னாரிலும் ஏனையோர் புத்தளத்திலுமாக வாழும் நிலை உருவாகியது. குடிசன மதிப்பீடு ஒருவரை அவர் வழமையாக வசிக்கும் இடத்திலேயே எண்ணுகின்றது. எனவே திரும்பி வர விரும்பியும் வர இயலாதிருந்தவர் புத்தளத்தின் கணக்கிலேயே சேர்ந்தார்.

இழப்பு ஒரு சமூகத்துக்கு மாத்திரம் உரியதல்ல. மாந்தையின் தமிழ்க் கிராமங்கள் 2007இலிருந்து 2009 வரை முழுமையாக இடம்பெயர்ந்தன. அதற்கு முன்னரே மன்னாரிலிருந்து படகேறிய பலர் தமிழகத்தின் முகாம்களில் தங்கிவிட்டனர். அவர்கள் இலங்கையின் குடிசன மதிப்பீட்டிலும் இல்லை, வாக்காளர் இடாப்பிலும் இல்லை.

கிழக்கு, மேற்கு என இரு கிராம அலுவலர் பிரிவுகளைக் கொண்ட பெரியமடு, இவ்விடயத்தை விளங்கிக்கொள்வதற்கு ஏற்ற ஊராகும். விடத்தல்தீவைப் பூர்வீகமாகக் கொண்ட முஸ்லிம் குடும்பங்கள் பல யுத்தத்தின் பின்னர் பெரியமடுவில் குடியேறின. அயற்கிராமங்களில் தமிழ்க் குடும்பங்கள் மீளத் திரும்பின. இத்தகைய ஊரில் 2012இல் எண்ணப்பட்ட தலைகளுக்கும், வாக்காளர் இடாப்பில் உள்ள பெயர்களுக்கும், உண்மையில் அந்த ஊரைத் தமது ஊரெனக் கொள்வோருக்கும் இடையே இடைவெளி ஏற்படுவது இயல்பே. இடம்பெயர்ந்தோர் தமது முன்னைய வதிவிடத்தில் வாக்காளராகப் பதிவு செய்துகொள்வதற்கு 2013ஆம் ஆண்டின் 27ஆம் இலக்க விசேட ஏற்பாடுகள் சட்டம் வழி செய்தது. ஆனால் வட்டாரமோ சனத்தொகையை வைத்தே பிரிக்கப்பட்டது. வாக்களிக்கும் உரிமை ஒரு கணக்கிலும் வட்டாரத்தின் அளவு மற்றொரு கணக்கிலும் நின்றால் இரண்டும் எங்ஙனம் பொருந்தும்?

இந்த இடைவெளி சந்தேகத்துக்கும் இடமளிக்கின்றது. புத்தளத்திலிருந்து வந்து வாக்களிப்போரை "வெளியார்" என்று சிலர் கூறுவர். அவர்களோ, தமது பிறந்த மண்ணில் வாக்களிக்கவும் பிறரிடம் அனுமதி கேட்பதா என்று வினவுவர். 2019 நவம்பர் 16ஆந் திகதி ஜனாதிபதித் தேர்தலன்று, புத்தளத்திலிருந்து மன்னாருக்கு வாக்களிக்கச் சென்றோரின் பஸ் வண்டிகள் தந்திரிமலைப் பகுதியில் தாக்குதலுக்குள்ளாகின. வாக்குரிமையைப் பயன்படுத்துவதற்கு நூறு கிலோமீற்றருக்கும் மேலாகப் பயணம் செய்ய வேண்டிய நிலையே ஒரு குறைபாடு என்பதை அச்சம்பவம் நினைவூட்டியது.

முன்னர் நடந்தவை தரும் பாடம்

மாகாண சபைகளுக்கான எல்லை நிர்ணயத்துக்கும் இதையொத்த கதியே ஏற்பட்டது. முன்னாள் நில அளவையாளர் நாயகம் க. தவலிங்கம் தலைமையிலான குழுவின் அறிக்கையை 2018 ஓகஸ்ட் 24ஆந் திகதி நாடாளுமன்றம் நிராகரித்தது. அக்குழுவில் அங்கம் வகித்த பேராசிரியர் எஸ்.எச். ஹஸ்புல்லாஹ் சிதறி வாழும் முஸ்லிம்களின் பிரதிநிதித்துவம் குறித்துத் தனது மாறுபட்ட கருத்தைப் பதிவு செய்திருந்தார். மன்னார் எருக்கலம்பிட்டியில் பிறந்து, வெளியேற்றப்பட்ட மக்களைப் பற்றியே நெடுங்காலம் ஆய்வு செய்த புவியியலாளரான அவர், அறிக்கை நிராகரிக்கப்பட்ட மறுதினமே காலமானார். அந்த எல்லை நிர்ணயம் முடிவுறாமையினால் மாகாண சபைத் தேர்தல்கள் பல வருடங்கள் முடங்கிக் கிடந்தன. பாக்கு நீரிணைக்கு அப்பால் தமிழ்நாட்டிலும் வட்டார மறுவரையறை இழுபட்டதனால், 2016இல் நடைபெற வேண்டிய உள்ளாட்சித் தேர்தல்கள் பெரும்பாலான ஊரகப் பகுதிகளில் 2019 டிசம்பரிலும் நகர்ப்புறங்களில் 2022 பெப்ரவரியிலுமே நடைபெற்றன. நியாயமான எல்லையைக் கேட்பது தேர்தலை ஒத்திப்போடுவதற்கான சாட்டாகிவிடக்கூடாது என்பதே இவ்விரண்டும் தரும் பாடமாகும்.

அடுத்த திருத்தத்தின் முன்னர்

உறுப்பினர் தொகையை ஏறத்தாழ அரைவாசியாகக் குறைக்கும் நோக்குடன் மஹிந்த தேசப்பிரிய தலைமையில் 2022இல் நியமிக்கப்பட்ட எல்லை நிர்ணயக் குழு தனது அறிக்கையை 2023 ஏப்ரலில் கையளித்தது. ஆயினும் 2025 மே 6ஆந் திகதி நடைபெற்ற தேர்தல் பழைய எல்லைகளின் அடிப்படையிலேயே இடம்பெற்றது. செலவைக் குறைக்க வேண்டுமென்ற வாதம் வலுவானது, மக்களிடையே வரவேற்பும் பெற்றது. எனினும் வட்டாரங்கள் குறையும்போது இரண்டு மூன்று வட்டாரங்கள் ஒன்றாக்கப்படும். அப்போது பெரியமடு போன்ற உட்கிராமம் எந்த ஊருடன் இணைக்கப்படும் என்பதே கேள்வி. கரையோர ஊருடன் இணைந்தால் குளத்துக்கும் வயல் வீதிக்கும் குரல் குறையலாம். பெரிய ஊரொன்றுடன் இணைந்தால் சிறிய சமூகத்தின் வேட்பாளர் வெல்லும் வாய்ப்பே அற்றுப்போகலாம். இது முஸ்லிம் கிராமத்துக்கு மட்டுமன்றி, முஸ்லிம்கள் கணிசமாக வாழும் முசலிப் பிரதேசத்தின் தமிழ்க் கிராமத்துக்கும் பொருந்தும்.

சட்டத்தில் ஏற்கனவே ஒரு வழி உண்டு. கலந்து வாழும் இடங்களில் பல அங்கத்தவர் வட்டாரங்களை அமைக்கலாம். ஆயினும் கட்சிகள் அவ்வட்டாரத்தில் இரு சமூகத்தவரையும் வேட்பாளராக நிறுத்தினாலன்றி அதனாற் பயனில்லை. அந்தக் கடப்பாட்டைச் சட்டமே விதிப்பது நன்று. அடுத்ததாக, 2012ஆம் ஆண்டின் கணக்கைக் கைவிட்டு 2024 இறுதியில் மேற்கொள்ளப்பட்ட குடிசன மதிப்பீட்டையும், வாக்காளர் இடாப்பையும் அருகருகே வைத்தே எல்லைகள் பிரிக்கப்பட வேண்டும். இரண்டுக்கும் இடையே பெரிய வேறுபாடு தென்படும் கிராம அலுவலர் பிரிவுகளில் காரணம் விசாரிக்கப்பட வேண்டும். மூன்றாவதாக, ஒவ்வொரு எல்லைக்குமான காரணம் எழுத்தில், வரைபடத்துடன், தமிழில் பிரதேச செயலகத்தில் மக்கள் பார்வைக்கு வைக்கப்பட வேண்டும்.

மக்கள் பக்கத்திலும் ஒரு கடமை உண்டு. குழு ஒன்று ஆட்சேபனைகளைக் கோரும்போது "எங்களுக்கு அநீதி" என்று பொதுவாக எழுதுவது பயன்தராது. எந்தக் கிராம அலுவலர் பிரிவு எந்தப் பிரிவுடன் சேர வேண்டும், அங்கு எத்தனை குடும்பங்கள், எந்த வீதியால் இணைகின்றன, எந்தக் குளத்தையும் பாடசாலையையும் சந்தையையும் பகிர்ந்துகொள்கின்றன என்பவற்றை ஆதாரத்துடன் முன்வைக்க வேண்டும். கிராம அபிவிருத்திச் சங்கங்களும் கமக்காரர் அமைப்புகளும் பள்ளிவாசல், ஆலய, தேவாலய நிர்வாகங்களும் இந்தத் தரவுகளை இப்போதே திரட்டி வைக்கலாம். தமிழ், முஸ்லிம் தரப்புகள் தனித்தனியே ஒன்றையொன்று மறுக்கும் மகஜர்களைக் கொடுத்தால் தீர்மானம் கொழும்பிலுள்ள அதிகாரிகளின் விருப்புக்கு விடப்படும். இரு தரப்பும் உடன்பட்ட ஒரே வரைபடத்தைக் கையளித்தால் அதனைப் புறந்தள்ளுவது எந்தக் குழுவுக்கும் எளிதாயிராது.